வாசலுக்கு வெளியே வைத்த சப்பாத்து

"எலும்பு முத்தின பிறகு என்னடி டான்ஸ்? ஒருநாளைக்கு முறிச்சுக்கொண்டுதான் வந்து நிப்பாய்."

பெரியம்மா இதைச் சொன்னபோது எனக்குப் பதினாறு வயது. சல்லி என்ற எங்கள் கடற்கரை ஊரில், வீட்டு வளவில் அம்மாவும் அவரும் எதிரெதிரே குந்தியிருந்து கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தார்கள். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து இருந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. அந்தத் திமிரில் பதில் சொன்னேன்.

"எலும்பு இன்னும் வளரும் பெரியம்மா. புத்தகத்தில கிடக்கு."

"புத்தகத்தில கிடக்கிறது கிடக்கட்டும். உன்ர காலில கிடக்கிறதைப் பார்."

அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அதன் பிறகு மூன்று வருடங்கள் அந்தச் சிரிப்புக்குப் பதில் தேடுவதிலேயே போயின.

பாலே நடனம் எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. துறைமுகத்தில் வேலை செய்பவர் ஒருவரின் மனைவி, கொழும்பில் வளர்ந்தவர், கடலைப் பார்த்திருக்கும் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் சிறு பிள்ளைகளுக்குப் பழக்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. தான் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று எங்கள் பாடசாலையில் கேட்டிருந்தார். என்னை அனுப்பினார்கள். "முழங்காலை வெளிப்பக்கமா மடியுங்கோ, குதியைத் தூக்காதேங்கோ" என்று ஒரு மாதம் கத்தினேன். கத்தக் கத்த என் முழங்காலும் தானாக மடிந்தது. என்ன தரட்டும் என்று மிஸ் கேட்டபோது, ஒன்றும் வேண்டாம், பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்கும் கம்பியின் கடைசியில் எனக்கும் ஓர் இடம் தாருங்கள் என்றேன்.

என் இடுப்பளவு பிள்ளைகளோடு நின்றேன். "அன்ரி, உங்கட முழங்கால் சத்தம் போடுது" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் கைபிடிக் கம்பியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டில் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, கடற்காற்றில் கண் எரிய, குதியைத் தூக்கித் தூக்கி இறக்கினேன்.

விரல் நுனியில் ஏறி நின்று ஆடுவதற்கான சப்பாத்தை மிஸ் இலேசில் தரவில்லை. கணுக்காலைப் பிடித்துப் பார்த்து இரண்டு தரம் இல்லை என்றார். மூன்றாம் தரம், உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு, ஒரு தாளில் என் பாதத்தை வரைந்து எடுத்தார். சப்பாத்து கொழும்பிலிருந்து வந்தது. வெளியே பட்டு. உள்ளே, விரல்கள் இருக்கும் முன்பக்கம் துணியும் தாளும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது. உடம்பின் முழுப் பாரத்தையும் அந்தப் பசைதான் தாங்குகிறது.

"ஈரம் படக் கூடாது. ஈரம் பட்டால் இது வெறும் துணி" என்றார் மிஸ். மற்றப் பிள்ளைகளுக்காக அதையும் நானே தமிழில் சொன்னேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று அம்மா பட்டைத் தடவிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, சலங்கை மாதிரியோ? சலங்கை எண்டா சாமித் தட்டில வைக்கலாம்."

"இல்லை அம்மா. சப்பாத்து."

"காலில போடுறதோ?"

"ஓம்."

"அப்ப வெளியில வை."

எங்கள் வீட்டில் காலில் போடுவது எதுவும் வாசற்படி தாண்டாது. அப்பாவின் செருப்பு, அம்மாவின் செருப்பு, அவற்றுக்குப் பக்கத்தில் என் பட்டுச் சப்பாத்து. அதற்குள் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த இரண்டு நிமிடம் போதும். நான் செய்யவில்லை. எழுத்துத் தெரியாத மனுசிக்கு இதெல்லாம் என்ன விளங்கும் என்று நினைத்தேன். அதைவிட, வெளியில் வைத்தால் என்ன வந்துவிடும் என்றும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா வீடு கழுவி, விளக்கு வைக்குமுன் வாசலில் இருக்கும் எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைப்பார். என் சப்பாத்தை மற்றவற்றை விடக் கவனமாகத் துடைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

மாரி மழை தொடங்கியது. வருட முடிவில் நிகழ்ச்சி. விரல் நுனியில் ஆடப் போகிறவள் நான் ஒருத்தி மட்டும். பெரியம்மாவை முன்வரிசையில் இருத்துவது என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். நிகழ்ச்சிக்கு முந்திய சனிக்கிழமை சப்பாத்தைப் போட்டபோது முன்பக்கம் விரலுக்கு இதமாக இருந்தது. பழகிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். கம்பியை விட்டு நடுவுக்கு வந்து வலது காலில் ஏறினேன். முன்பக்கம் மடங்கியது. பாதம் வெளிப்பக்கமாகப் புரண்டது. ஈர்க்கு முறிகிற மாதிரி ஒரு சத்தம். சின்ன விரலுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட எலும்பு.

மிஸ் சப்பாத்தைக் கழற்றி முன்பக்கத்தை விரலால் அமர்த்தினார். உள்ளே போனது.

"எங்கே வைத்திருந்தாய்?"

"பையில் மிஸ்."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

நிகழ்ச்சியன்று திரைக்குப் பின்னால் ஒரு கதிரையில், பிளாஸ்டர் போட்ட காலை நீட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் எண்ணிக் கொடுத்தேன். என் ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் குறைந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பெரியம்மா பார்க்க வந்தார். படுக்கையில் இருந்து பார்த்தால் வாசற்படி தெரியும்.

"நான் சொன்னனான்தானே. எலும்பு முத்திப் போச்சு எண்டு சொன்னனான்."

"சும்மா இரு அக்கா, பிள்ளை நோவோட கிடக்கு" என்றார் அம்மா. பெரியம்மா போன பிறகு கட்டிலருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா சொல்ற மாதிரி வயசுதானோ பிள்ளை? இல்லாட்டி வேற ஏதுமோ?"

அன்று வெள்ளிக்கிழமை. அம்மாவின் கையில் அந்த ஈரத் துணி இருந்தது.

"வயசுதான் அம்மா."

பெரியம்மாவிடம் நான் தோற்றது அந்த இடத்தில்தான். அம்மா தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போனார். அப்பாவின் செருப்பைத் துடைத்தார். பிறகு என் சப்பாத்தை எடுத்து, நாடாவைச் சுற்றி, முன்பக்கம் முழுவதையும் நிதானமாகத் துடைத்து, பழைய இடத்தில் வைத்தார்.

இதை நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. எழுதினால் அம்மா வாசிக்க மாட்டார் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

எலும்பு பொருந்தியது, ஆனால் மழைக்கு நோகும். இப்போது பட்டணத்தில், லிங்கநகரில் ஓர் அறையில் இருக்கிறேன். வேலைக்குப் போக வசதி என்று வீட்டில் சொன்னேன். அதில் பாதி உண்மை. புதிய சப்பாத்துச் சோடி இந்த அறைக்குள், கட்டிலுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது. அதை இன்னும் போடவில்லை. திரும்ப ஆட வேண்டுமென்றால் ஆரம்ப வகுப்பில் இருந்துதான், தட்டைச் சப்பாத்தோடுதான் என்று மிஸ் சொல்லிவிட்டார். ஒன்பது வயதுப் பிள்ளைகளின் வரிசை. மொழிபெயர்க்க இப்போது வேறொரு பிள்ளை வருகிறாள்.

மூன்று கிழமையாக அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறேன். "முழங்காலை மடியுங்கோ" என்று அவள் சொல்கிறாள். மடிக்கிறேன்.