இருட்டான விளையாட்டுகள் முதலில்

கண் ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நடுவில் தெரியும் மஞ்சள் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. சுற்றிலும் எங்கே வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து வீடியோ கேம் ஆடுகிறவனிடம் போய் இதைக் கொடுக்கிறார்களே என்று நினைத்தேன். மின்னியதில் ஒன்றைக்கூட விடவில்லை என்ற நம்பிக்கையோடு எழுந்தேன். "எப்படி, நல்லாப் பண்ணேனா?" என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்கவும் செய்தேன். அவர் அச்சாகி வந்த காகிதத்தை எடுத்து டாக்டரின் அறைக்குள் கொண்டுபோனார்.

காகிதத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பு முழுக்க நான் விட்ட புள்ளிகள். அவை மின்னியதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. திருமங்கலத்தில் ஒரு ப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அது என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கும். ஒரு வருஷமாகவே பொழுது சாய்ந்தால் எனக்குத் தடுமாற்றம் இருந்தது. டி. கல்லுப்பட்டிப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டிலிருந்து ஒரு சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது, ரோட்டோரம் நின்ற டிராக்டர் டிரெய்லரில் போய் மோதினேன். பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு முழங்கையில் தையல் போட வேண்டியதாயிற்று. "இம்புட்டுப் பெரிய வண்டி தெரியலையா உங்களுக்கு?" என்று வலியோடு கேட்டாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். அந்தக் கேள்வியை அதோடு விடாமல், மறுவாரமே என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு ஓரங்கள் போகும், குழாய்க்குள் பார்ப்பதுபோல் ஆகும், கடைசியில் நடுவும் மங்கும். மருந்து கிடையாது.

"எம்புட்டு நாளைக்குத் தெரியும் சார்?"

"சொல்ல முடியாதுப்பா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி. உங்களுக்குக் கொஞ்சம் வேகமாத்தான் போகுது." பிறகு கேட்டார்: "அப்பா, அம்மா சொந்தமா?"

என் அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். சொந்தத்தில் கட்டியதால் இது வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்லவே கூடாது என்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம். ஆனால் அம்மா எப்படியோ யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டாள். ஒரு மத்தியானம் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, கொண்டுவந்த முருங்கைக்காயைக் கூட இறக்கி வைக்காமல் நின்றபடியே அழுதாள். "மாமனக் கட்ட மாட்டேன்னு அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்யா. சொல்லலையே. நான் சொல்லியிருந்தா உனக்கு இப்புடி வந்திருக்காதுல்ல?" "நீ சொல்லியிருந்தா நானே இருந்திருக்க மாட்டேன்மா" என்றேன். அதற்கு அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.

கேம் ஆடுகிறவர்களின் பேச்சில் பேக்லாக் என்று ஒன்று உண்டு. வாங்கி வைத்துவிட்டு ஆடாமல் கிடக்கும் விளையாட்டுகள். ஆன்லைனில் விலை குறைத்துப் போடும்போதெல்லாம் வாங்குவேன். என்றைக்காவது நேரம் கிடைக்கும், அப்போது நிதானமாக ஆடலாம் என்று சேர்த்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூன்று இருந்தன.

கடையில் பக்கத்து இருக்கையில் இருக்கும் நண்பனும் கேம் ஆடுகிறவன். எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள. விஷயத்தைச் சொன்னதும் மற்றவர்களைப் போல ஆயுர்வேத டாக்டர் விலாசமோ, குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடனோ அவன் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மவுஸை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்: "மாப்ள, இருட்டா இருக்குற கேமெல்லாம் மொதல்ல முடிச்சுரு. ஒனக்கு அதுதான் மொதல்ல தெரியாமப் போகும்."

அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். குகை, சுரங்கம், மழை பெய்யும் நகரம் எல்லாம் முதலில். பொடி எழுத்தாக நிறைய வாசிக்க வேண்டியவை அடுத்தது. திரையின் மூலையில் சின்ன வரைபடம் காட்டும் பெரிய விளையாட்டுகள் அதற்கடுத்தது. நல்ல வெளிச்சமும் பளிச்சென்ற நிறமும் கொண்ட எளிய விளையாட்டுகள் கடைசியில். செத்துப் போவதற்குமுன் செய்ய வேண்டியவை என்று சிலர் பட்டியல் வைத்திருப்பார்களாம். என்னுடையதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

முதல் விளையாட்டு ஒரு சுரங்கத்துக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு போவது. ஆரம்பிக்கும்போதே வெளிச்சத்தைச் சரிசெய்யச் சொன்னது. திரையில் ஒரு சின்னம் இருக்கும். அது லேசாகக் கண்ணுக்குத் தெரியும்வரை கூட்ட வேண்டும். நான் கூட்டினேன். கூட்டிக்கொண்டே போய்க் கடைசி வரைக்கும் கூட்டிவிட்டேன். சின்னம் வரவில்லை. கேமில் ஏதோ கோளாறு என்று நினைத்து மனைவியைக் கூப்பிட்டேன். கையில் மாவோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, விளக்குப் படந்தானே? அதான் நல்லாத் தெரியுதே."

சரி என்று சொல்லிவிட்டு ஆட ஆரம்பித்தேன். அந்த விளையாட்டை நான் முடிக்கவில்லை. சுவர் எது, வழி எது என்று தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றி, நான்காம் நாள் அழித்துவிட்டேன். இருட்டு தெரியாமல் போகப்போகும் தேதியை மனதில் வைத்துக்கொண்டு பட்டியல் போட்டிருந்தோம். அந்தத் தேதி எப்போதோ வந்து போயிருந்தது.

மற்றவற்றை வெறியாக ஆடினேன். காலையில் கடைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம், ஞாயிறென்றால் முழுநாளும். டிவியில் ஆடினால் திரையின் நடுப்பகுதி மட்டும் தெரிந்தது, நாற்காலியை எதிர்ச் சுவர் வரை தள்ளிப் போட்டேன். பிறகு கையில் வைத்து ஆடும் சின்னக் கருவி ஒன்றைப் பழசாக வாங்கினேன். அதைக் கையை நீட்டிப் பிடித்தால் மொத்தத் திரையும் எனக்கு மிச்சமிருந்த பார்வையின் ஓட்டைக்குள் அப்படியே அடங்கியது. மூலையில் என்ன வருகிறது, கீழே என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் தெரிந்தது. அந்த அளவில் நான் குறையில்லாத ஆளாக இருந்தேன். வீட்டுக்குள் எழுந்து நடந்தால் கதவில் இடித்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி எதையோ சொல்லியிருக்கிறாள், மூன்று தடவை. என் காதில் விழவில்லை. வந்து கருவியைப் பிடுங்கவில்லை, கத்தவும் இல்லை. எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணு தெரியுற வரைக்கும் என்னையப் பாத்துக்கிருவோம்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

உண்மையைச் சொன்னால் அவளுக்கு வலிக்கும், சொல்லாவிட்டாலும் வலிக்கும். கடைசியில் சொல்லிவிட்டேன். "உன்னயப் பாத்தா முழுசாத் தெரிய மாட்டேங்குதுப்பா. கண்ணப் பாத்தா வாய் தெரியல. வாயப் பாத்தா நீ சிரிக்கிறியா அழுகுறியான்னு தெரியல. துண்டு துண்டாத் தெரியுற. பயமா இருக்கு. இதுக்குள்ள மட்டுந்தான் எல்லாம் மொத்தமாத் தெரியுது."

அடுத்த ஞாயிறு, "கெளம்புங்க, வண்டியூர் தெப்பக்குளத்துல தண்ணி கெடக்காம், பாத்துட்டு வருவோம்" என்றாள்.

பஸ்ஸில் போனோம். பகல் பதினொரு மணி இருக்கும். குளம் நிறைந்து கிடந்தது. நடு மண்டபத்தை நான் தலையை ஆட்டி ஆட்டித் துண்டுகளாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்து ஏதோ சொன்னேன். பதில் தூரத்திலிருந்து வந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பத்தடி தள்ளிப் போய் நின்றிருந்தாள்.

"இப்பத் தெரியுறனா?"

"மொகம் தெரியுது. கழுத்து வரைக்கும்."

இன்னும் பின்னால் நடந்தாள். "இப்ப?"

"இடுப்பு வரைக்கும்."

அங்கே மாங்காய் விற்கிற ஒரு பெண் வியாபாரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். "என்னம்மா, போட்டோ எடுக்குறீகளா?" என்று ஒரு குரல் கேட்டது. மனைவி நிற்கவில்லை. பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தாள். முப்பதடி இருக்கும், அங்கே போய் நின்றதும் முழுசாகத் தெரிந்தாள். பச்சைச் சேலை, தோளில் பை, தையல் போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, கால் செருப்பு வரைக்கும். முகம் சின்னதாக இருந்தது, ஆனால் எல்லாம் இருந்தது.

"தெரியுற" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு திரும்ப என்னிடம் நடந்து வந்தாள். வர வர முதலில் கால் போயிற்று, பிறகு கை, பிறகு பை. பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தபோது அவளுடைய ஒரு கண் மட்டும் இருந்தது. அது நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் என்னோடு உட்கார்ந்தாள். கேம் என்றால் என்னவென்றே தெரியாதவள். பொடி எழுத்துகளை மாத்திரைப் பெயர் வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாக நிறுத்தி வாசிப்பாள். "ஒரு ஆளு வாரான்" என்பாள். எந்தப் பக்கம் என்று கேட்டால், "உங்க சோத்தாங்கைப் பக்கம். ஐயையோ, வந்துட்டான், அடிங்க, அடிங்க!" அப்படிச் சில விளையாட்டுகளை முடித்தோம். அவற்றில் நான் எவ்வளவு பார்த்தேன், அவள் சொல்லி எவ்வளவு பார்த்தேன் என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வைகாசியில் ஒரு கல்யாண ப்ளெக்ஸ் செய்தேன். அவசரம், பழைய கண்ணீர் அஞ்சலி ஒன்றின் சட்டத்தை எடுத்து நிறம் மாற்றி, மணமக்கள் படத்தை வைத்துக் கொடுத்தேன். கீழ் மூலையில் 'கண்ணீருடன் குடும்பத்தார்' என்ற வரி அப்படியே இருந்திருக்கிறது. எனக்கு அந்த மூலை தெரியவில்லை. மண்டப வாசலில் கட்டிய பிறகுதான் பெண் வீட்டார் பார்த்திருக்கிறார்கள். காலையிலேயே பத்துப் பேர் கடைக்கு வந்துவிட்டார்கள். பெண்ணின் தாய் திட்டவில்லை, "இதப் பாத்துட்டு எப்புடிய்யா எம்மகள மணையில ஒக்கார வைப்பேன்?" என்று மட்டும் கேட்டார். நான் கைகூப்பி நின்றேன். கண் விஷயத்தைச் சொல்லலாம் என்று மாப்ள என் காதில் கிசுகிசுத்தான். சொல்லப் பிடிக்கவில்லை. அது அவர்களுடைய நல்ல நாள்.

முதலாளி அண்ணன் போகச் சொல்லவில்லை. நானே வேலையிலிருந்து நின்றுகொண்டேன். கடைசி நாள் மாப்ள என்னை வண்டியில் வீட்டில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "லிஸ்ட்டுல எத்தன முடிச்சுருக்க?" என்றான். இருபத்திரண்டு என்றேன். "இன்னும் கெடக்கு மாப்ள, வெரசா ஆடு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

இருபத்திரண்டோடு நின்றுபோனது. அந்த வருஷக் கடைசியில் கருவியின் திரையும் ஓட்டைக்குள் அடங்காமல் போனது. பிறகு நடுவிலும் பனி மூடியது போல் ஆனது. கடைசியாக எதை ஆடினேன், எந்த நாள் நிறுத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. அன்று கருவியைக் கீழே வைத்தபோது அதுதான் கடைசி என்று தெரியாது. கொஞ்சம் கண் வலிக்கிறது, நாளைக்கு ஆடலாம் என்றுதான் வைத்திருப்பேன்.

இப்போது ஒரு பார்சல் ஆபீஸில் போன் எடுக்கும் வேலை. காலையில் மனைவி கொண்டுவந்து விடுவாள், மாலையில் மாப்ள கூட்டிக்கொண்டு போவான். வெயிலும் நிழலும் தெரியும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். இதையும் போனில் பேசித்தான் எழுதுகிறேன். அது எழுதியதைத் திரும்ப வாசிக்கும், தப்பைக் காதால் திருத்துவேன். அம்மா வரும்போதெல்லாம் என் முகத்துக்கு நேராகக் கையை அசைத்துப் பார்க்கிறாள். காற்று படுவதை வைத்து, "கைய எடும்மா" என்பேன். தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறாள்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து என் மனைவி அடுத்த அறையில் அந்தக் கருவியை எடுக்கிறாள். சத்தத்தை ரொம்பக் குறைத்து வைப்பாள். ஆனாலும் பொத்தான்கள் அழுந்துவது கேட்கும். மிச்சம் கிடக்கும் நாற்பத்தொன்றில் ஏதோ ஒன்று; இசையைக் கேட்டால் தண்ணீருக்கடியில் நடப்பது போலிருக்கிறது. நான் பார்க்காதது. போன மாதம் ஒரே இடத்தில் மூன்று வாரமாக விழுந்துகொண்டே இருந்தாள். விழும் சத்தம், திரும்ப ஆரம்பிக்கும் சத்தம், திரும்ப விழும் சத்தம். ஓடி வந்து பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் தாண்டிவிடலாம் என்று கேட்கும்போதே எனக்குப் புரிந்தது. எழுந்து போய்ச் சொல்லவில்லை. சொன்னால் வைத்துவிடுவாள், எனக்கு வருத்தமாக இருக்கும் என்று அப்புறம் தொடவே மாட்டாள்.

நான்காம் வாரம் விழும் சத்தம் கேட்கவில்லை. புதிதாக ஒரு இசை வந்தது. "ஆத்தாடி" என்று அவள் தனக்குத்தானே மெதுவாகச் சொன்னாள். எதைப் பார்த்து அப்படிச் சொன்னாள் என்று படுத்துக்கொண்டே யோசித்தேன்.

காபி கொண்டுவந்தபோது, "என்ன பண்ணிக்கிட்டிருந்த?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லங்க. சும்மா போனத் தடவிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

சரி என்று டம்ளரை வாங்கிக்கொண்டேன்.