காருக்கு ஜல்லி, நடுவில் கோலம்

மம்சாபுரம் சாலையில் நண்பர் முருகேசன் வீட்டு வாசலில் இன்று காலை ஒரு பஞ்சாயத்து.

கேட்டிலிருந்து வீடு வரை கரிசல் மண். மழை பெய்தால் கார் புதைந்துவிடும். சிமெண்ட் போடக் கட்டுப்படியாகாது என்று டிராக்டரில் ஜல்லி வரவழைத்திருந்தார். பரப்பப் போகும்போது அவர் மனைவி செல்வி குறுக்கே வந்து நின்றார்.

"முழுக்கக் கல்லைக் கொட்டிட்டா நான் கோலத்தை எங்க போட? மொட்டை மாடியிலயா?"

"கேட்டுக்கு வெளிய போடு."

"வெளிய ரோடு. பஸ்ஸுக்குக் கோலம் போடச் சொல்லுதீகளா?"

செல்வி மண்ணில் பதிந்திருந்த கார் தடத்தையே செத்த நேரம் பார்த்தார்.

"சக்கரம் ஓடுறது இந்த ரெண்டு தடத்துலதான? அதுல மட்டும் கொட்டுங்க. நடுவுல எனக்கு விட்டுருங்க."

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை, அங்கேயே இருந்துவிட்டேன். தடங்களை ஒரு சாண் தோண்டி, அடியில் பெரிய கல், மேலே சிறு ஜல்லி. கல் சிதறாமலிருக்க ஓரத்தில் செங்கல். மிஞ்சிய ஜல்லியை, தடம் அமுங்கும்போது மேலே போட்டுக்கொள்ள மூலையில் குவித்தார்கள்.

மாலையில் செல்வி நடுவே செம்மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, கேட்டருகே சிக்குக் கோலம் போட்டார். முருகேசன் காரை மெல்ல ஓட்டினார். ஒரு இழைகூடக் கலையவில்லை.

எல்லோருக்கும் நிம்மதி. காலையில் வீட்டோரம் நிறுத்திய பைக்கை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். ஜல்லியில் முன்சக்கரம் வழுக்க, கை தானாக நடுப்பக்கம் திரும்பியது.

"அண்ணாச்சி! கோலம்!" செல்வியின் குரல்.

இறங்கித் தள்ளிக்கொண்டே கேட்டைத் தாண்டினேன்.

பைக்கில் வருகிறவர்கள் அந்த வீட்டுக்குள் எப்படிப் போவது? யோசனை சொல்லுங்கள். செல்வியிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.