மாமாவுக்குப் பாடிய ஒப்பாரி

சிராங்கூன் சாலை நெடுகிலும் மாட்டுக்கொட்டில்கள் நிறைந்திருந்த காலம் அது. எங்கள் கொட்டிலில் வைக்கோல் அடுக்கியது போக எஞ்சிய இடத்தில் சனிக்கிழமை மாலைதோறும் பாட்டு நடக்கும். கவிழ்த்துப்போட்ட அன்னாசிப் பெட்டிகளே மேடை. இன்னார்தான் ஏறலாம் என்ற கட்டுப்பாடு இல்லை. பால் கறப்பவர், வண்டி ஓட்டுபவர், பிடிலோடு வரும் மலாய்க்காரர் என எவரும் ஏறலாம். ஓர் எலுமிச்சம்பழத்தைத் தரையில் உருட்டிவிடுவார்கள். அதை எடுத்தவர் பாடவேண்டும். பாட்டு முடியும்வரை ஒருவரும் குறுக்கிடக் கூடாது; வாசிப்பவரும் கையை எடுக்கக் கூடாது. பழத்தைப் பெண்கள் எடுக்கலாகாது என்று விதி ஏதும் இல்லை. அப்படி ஒரு விதி தேவைப்படும் என்று எவருக்கும் தோன்றியதில்லை.

டோலக்கு வாசித்தவர் என் மாமா, அத்தையின் கணவர். சில மாதங்களாக அவர் ஜாலான் புசார்ப் பக்கம் வேறொருத்தி வீட்டில் உண்டு உறங்கிவந்தார். அத்தையை ஊருக்கு அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணை அத்தையின் வீட்டிலேயே குடிவைக்க எண்ணியிருந்தார். திங்கட்கிழமைக் கப்பலில் இடமும் பேசியாயிற்று. என் தந்தை தம் உடன்பிறந்தாளுக்காக ஒரு சொல்லும் பேசவில்லை.

"கொஞ்ச நாளு ஊர்ல இருந்துட்டு வா, தங்கச்சி. பேச்சு அடங்கட்டும்" என்றார்.

"யாரு பேச்சுண்ணே அடங்கணும்?" என்று கேட்டுவிட்டு, அத்தை சாணம் அள்ளப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை, பெண்களும் சிறுமியான நானும் அமர்ந்திருந்த பாய்வரை பழம் உருண்டு வந்தது. வழக்கமாக அதைத் தள்ளிவிடுவோம். அத்தையோ எடுத்துக்கொண்டு மேடையேறினாள்.

"ஏய், எங்க வர்ற?" என்றார் மாமா.

"நீங்க வாசிங்க. நான் பாடுறேன்."

"வாசிங்க மாப்ளே! வீட்டுலதான் வாசிக்கறதில்ல" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கொட்டில் சிரித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே தாளத்தைத் தொடங்கினார்.

அத்தை கொண்டையை அவிழ்த்து, கூந்தலை விரித்துப்போட்டாள்.

"கடல்தாண்டிக் கூட்டிவந்த
கட்டழகு ராசாவே,
நாதியத்து நான்கெடக்க
நடுவழியில் போனீரே!"

சிரிப்பு நின்றது. முதியவர் ஒருவர் எழுந்தார். "விளக்கு வைக்கிற நேரத்துல ஒப்பாரியா? யாரும்மா செத்தது?"

அத்தை பாட்டை நிறுத்தாமலே கையை நீட்டி மாமாவைக் காட்டினாள்.

மாமா டோலக்கிலிருந்து கையை எடுத்தார். அப்போது என் தந்தை எழுந்து நின்றார். அவர் அத்தையை அதட்டுவார் என்றே அஞ்சினேன்.

"கைய எடுக்காதீங்க மச்சான். கொட்டில் வழக்கம். பாட்டு முடியல."

ஆகவே மாமா வாசித்தார். தம் சாவுக்குத் தாமே தாளம் போட்டார். அத்தை அவருடைய மீசையைப் பாடினாள்; அவர் தின்று தீர்த்த கருவாட்டுக் குழம்பைப் பாடினாள்; தம்மைப் புதைத்த மண்ணின் ஈரம் காயுமுன்னே எழுந்துபோய் வேறு வாசலில் செருப்பைக் கழற்றிய அழகையும் பாடினாள். பாயிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராய் மாரடித்துக்கொண்டு உடன் பாடினார்கள். பிடில்காரர், பொருள் புரிந்தோ புரியாமலோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்.

பாடி முடித்து, அத்தை பழத்தை டோலக்கின் மேல் வைத்தாள்.

"பொணத்த எடுத்தாச்சு. செத்தவரு இனி என் வாசலுக்கு வரவேணாம். கப்பலுக்கும் ஆள் விட்டுச் சொல்லிடுங்க. நான் ஏற மாட்டேன்."

திங்கட்கிழமைக் கப்பல் அத்தை இல்லாமலே போயிற்று.

அந்த வாரமே கடைத்தெருவில் மாமாவைக் கண்டேன். புட்டு தின்றுகொண்டிருந்தார்; முன்னைவிடச் சற்றுப் பருத்தும் இருந்தார். மூச்சிரைக்க அத்தை வீட்டுக்கு ஓடினேன். அத்தை கண்ணாடிமுன் மல்லிகைச் சரத்தைத் தலையில் சூடிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்க பாட்டு பலிக்கல. மாமா நல்லாத்தான் இருக்காரு!"

"இருந்துட்டுப் போகட்டும்டி" என்றாள், சரத்தைச் சரிசெய்தபடி.

இன்னும் சற்று உரக்கப் பாடியிருக்கலாமே என்று அவளுக்காக நான் நெடுநாள் வருந்தினேன்.