கேட்டு வாங்காத நடைபாதை

டோல்கேட் மீன்காரி வியாகுலம்மாள், சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி மாநகராட்சி லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். தண்டையார்பேட்டை டீக்கடைகளில் இதுதான் பேச்சு. புத்தகமெல்லாம் இல்லை, வஞ்சிரத்தாலேயே ஒரு போடு போட்டாள் என்பது இரண்டாம் பதிப்பு.

விசாரித்தால் இரண்டும் பொய். லாரி வந்தபோது அவள் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"கடையத் தூக்கும்மா" என்றார் அதிகாரி.

"இரு சார், உன் டிரைவரு மீனுதான் கைல கீது. ஆஞ்சி குட்த்துட்டு அப்பால சண்ட போடலாம்."

டிரைவர் வானத்தைப் பார்த்தார்.

புகார் கொடுத்தவர் அடுத்த தெரு ஹபீபுல்லா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்கால் போய், கைத்தடியோடு தொழுகைக்குப் போகிறவர். நடைபாதையில் அவள் மீன் கூடையைச் சுற்றிக் கூட்டம் நின்றால், கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில்தான் அவர் இறங்கி நடக்க வேண்டும். நடப்பது அவர் உரிமை, பிழைப்பது அவள் உரிமை. அரசியல் சாசனம் இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறது, நடைபாதைதான் கொடுக்கவில்லை.

அதிகாரிக்கோ உரிமை என்பது முத்திரை விழுந்த காகிதம். "பாய் புகார வாபஸ் வாங்கினா இருக்கலாம். இல்லாட்டி மாசக் கடைசியில காலி" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

ஹபீபுல்லா வாபஸ் வாங்கத் தயார். "உரிமைன்றது அமானிதம்மா. அல்லா நம்மள நம்பி குட்த்து வச்ச பொருளு. ஒர்த்தர ஒர்த்தர் கேட்டு நடந்துக்கணும். நீ ஒரு வார்த்த கேளு, இப்பவே கையெழுத்துப் போட்றேன்."

"கேட்டு வாங்குனா அதுக்குப் பேரு வேற பாய். இது பொறக்கசொல்லவே ஆண்டவரு கைல குட்த்து அனுப்பிச்சது. கவருமெண்டு பின்னால எழுதி வச்சிக்கிச்சு, அவ்ளோதான்."

மருமகள் சாண்ட்ரா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஒரே வார்த்ததானே அத்த? பொழப்பே பூடும்."

"கெஞ்சி வாங்குன எடத்துல குந்திகினு வித்தா, கூடைல கீற மீனே என்னப் பாத்து சிரிக்கும்டி."

இத்தனைக்கும், வாங்க வருகிறவர்களை இப்போதெல்லாம் சுவரை ஒட்டித்தான் நிற்கவைக்கிறாள். ஏன் என்று கேட்டால், "வெயிலு" என்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த வெயில் என்று கேட்கும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

மாசக் கடைசி நெருங்குகிறது. அந்தக் கையெழுத்து இன்னும் பாக்கி. நேற்று மாலைத் தொழுகை நேரம், கைத்தடிச் சத்தம் கேட்டதும் தண்ணீர் சொட்டும் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஹபீபுல்லா எதிரே வந்து நின்றார், அவள் கேட்பாளா என்று.

"இன்னா பாய், வழி பத்தலியா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் நடந்தார். புடவை நனைந்துகொண்டே இருந்தது. அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் கூடையைக் கீழே இறக்கவில்லை.