பக்கத்து நிலத்துக்கு ஓர் ஆள்

ஏற்றத்தின் நடுவில், நிழலே இல்லாத இடமாகப் பார்த்து, கிளெமென்சா ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுகிறாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் தொப்பியால் விசிறிக்கொண்டு, இறங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். "முதல்ல இந்த வெயிலப் பாருங்க. கடல் எங்கயும் ஓடிடாது, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறாள்.

அவள் நிலம் காட்டும் வரிசை அது. வெயில், பாதி வற்றிய குட்டை, மழைத்தண்ணீர்த் தொட்டியின் அடியில் மிச்சமிருக்கும் கலங்கல், பிறகு ஆடுகள். கடலைத் திரும்பும் வழியில் காட்டுவாள், போனால் போகிறது என்பதுபோல.

கரீபியன் தீவான காரியாக்கூவின் இந்த மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறும் ஜீப் அவளுடையது ஒன்றுதான். அதனால் நிலத்தரகர் ஃபிட்ஸ்ராய்க்கு அவளை விட்டால் வழியில்லை. மழைக்காலத்தில் கூட்டிப் போகலாமே என்று அவர் கெஞ்சாத வருடம் இல்லை. மழைக்காலத்தில் தீவு முழுக்கப் பச்சை. சோளமும் துவரையும் நிற்பதால் ஆடு மாடெல்லாம் கயிற்றில் கிடக்கும். அந்தப் பச்சையில் மயங்கி வாங்கியவர்கள் வீடு கட்டிச் செம்பருத்தி நடுகிறார்கள். துவரை பறித்து முடிந்ததும் ஊர் மொத்தமும் கயிறுகளை அவிழ்த்துவிடுகிறது. அடுத்த மழைவரை எல்லா நிலமும் எல்லா ஆட்டுக்கும் பொது. செம்பருத்தி நட்டவர்கள் போலீசுக்குப் போன் செய்கிறார்கள். போலீஸ்காரரின் ஆடும் அந்தக் கூட்டத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

கிளெமென்சா ஆடுகள் அவிழ்ந்திருக்கும் மாதங்களில் மட்டுமே நிலம் காட்டுவாள். "மிஸ் கிளெம் காட்டற நிலத்த ஆடுகூட வாங்காது" என்று ஃபிட்ஸ்ராய் ரம் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். "ஆடு எதுக்கு வாங்கணும்? அதுக்குத்தான் எல்லாம் ஏற்கெனவே சொந்தமாச்சே" என்று அவள் உள்ளேயிருந்து பதில் கொடுப்பாள்.

கிளெமென்சாவின் தலையில் ஆண்கள் போடும் தொப்பி, முழங்கால்வரை மடித்த கால்சட்டை, தோளில் எப்போதும் ஒரு துண்டு. ஜீப்பில் ஏறுகிறவர் குட் மார்னிங் சொல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. ஏன் கிளம்பவில்லை என்று சொல்லவும் மாட்டாள். தன் ஆடுகளை ஒரே நாளில் அவிழ்க்காமல் ஒவ்வொன்றாக அவிழ்ப்பாள். அடங்காத பழுப்பு ஆடுதான் எப்போதும் முதல். அவிழ்த்த கயிறுகளைச் சுருட்டிச் சமையலறை வாசலில் உள்ள ஆணியில் மாட்டுவாள். ஜீப்பில் போட்டுவைத்தால் கைக்கு எட்டுமே என்று யாரோ சொன்னபோது தலையை ஆட்டினாள். "ஆடு எங்க வேணா சுத்தட்டும். கயிறு வீட்டோட இருக்கணும்."

இளவயதில் லண்டனில், ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். அந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. சொன்னால் வேலியைப் பற்றித்தான் சொல்வாள். "ஆள் உயரத்துக்குப் பலகை. பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடறப்ப ரெண்டு கை மட்டும் மேல வரும். கடைசிவரைக்கும் அந்தக் கைகளத்தான் எனக்குத் தெரியும்."

இங்கே அவளுக்குக் குறையென்று பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்து நிலம் மட்டும் காலியாகக் கிடந்தது. அங்கே குடியிருந்த அண்ணன் இறந்து, வீடும் சரிந்த பிறகு காலையில் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் குட் மார்னிங் சொல்ல ஆளில்லை. அமெரிக்காவில், புரூக்ளினில் இருக்கும் அண்ணன் மகன் நிலத்தை விற்றுவிடச் சொன்னபோது அவளுக்குப் பாதி சந்தோஷம். மீதிப் பாதி கவலை. ஆடுகள் குட்டைக்குப் போகும் தடம் அந்த நிலத்தின் குறுக்கேதான் போகிறது. வாங்குகிறவர் சுற்றி வேலி போட்டால் தடமும் போகும், ஆளும் வேலிக்குப் பின்னால் போய்விடுவார். வேலி போடாதே என்று கேட்கவும் முடியாது. கைமாறிய நிலத்தைப் பற்றி விற்றவர்கள் வாய் திறப்பது இங்கே மரியாதைக் குறைவு.

டென்மார்க்கிலிருந்து பிர்கிட் வந்தது ஒரு மார்ச் மாதத்தில். கணவரை இழந்தவள், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஏறும்போதே குட் மார்னிங் சொன்னாள். குட்டைக்கரையில் ஜீப் நின்றபோது பழுப்பு ஆடு தலையை நீட்டி அவளுடைய வைக்கோல் தொப்பியின் விளிம்பைத் தின்றுவிட்டது. பிர்கிட் மிச்சத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குக் கிளெமென்சா கடலைச் சீக்கிரமே காட்டிவிட்டாள்.

அண்ணனின் நிலம் பிர்கிட்டுக்கு முடிந்தது. மழை தொடங்குவதற்கு முன் படகில் சிமெண்டும் மரமும் வந்தன. அவற்றோடு கம்பிவலை, சுருள் சுருளாக. அதைப் பார்த்த நாளிலிருந்து கிளெமென்சா ரம் கடைப் பக்கம் வரவில்லை.

இங்கே வீடு கட்டுவதற்கு முன் நிலத்தை நனைக்க வேண்டும். கொஞ்சம் ரம், கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இன்னார் வந்திருக்கிறார் என்று இறந்தவர்களிடம் சொல்ல வேண்டும். சொல்லும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. அந்த வீட்டின் மூத்தவள் என்பதால் அன்றைக்குச் சொல்ல வேண்டியவள் கிளெமென்சா. ஊர்க்காரர்கள் நாங்கள் சுற்றி நின்றோம். அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஊற்றத் தொடங்கினாள்.

"அண்ணே, கேட்டுக்க. அப்பா, அம்மா, நீங்களும் கேட்டுக்குங்க. இவங்க பேரு பிர்கிட். குளிர் ஊர்லருந்து வந்திருக்காங்க. புருஷன் செத்துட்டாரு. நல்லவங்க மாதிரிதான் தெரியுது, குட் மார்னிங் சொல்றாங்க. இப்பக் கம்பி வந்து எறங்கியிருக்கு. நெறையா. எதுக்குன்னு நான் கேக்கல, கேக்கறது மொறையில்ல. நீங்களே பாத்துக்குங்க."

ஃபிட்ஸ்ராய் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிர்கிட் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். வெளியூர்க்காரர் ஊற்றலாமா என்ற கேள்வி எங்களுக்கு அதுவரை வந்ததே இல்லை. அவள் கவிழ்த்த வேகத்தில் பாதி பாட்டில் காலியாயிற்று.

"மெதுவாம்மா. அவங்க செத்தவங்க, குடிகாரங்க இல்ல" என்றார் கொத்தனார்.

"எங்க அண்ணன் ரெண்டுந்தான்" என்றாள் கிளெமென்சா.

பிர்கிட் மண்ணைப் பார்த்துப் பேசினாள். "கிளெமென்சாவோட அண்ணா, கம்பி காய்கறிப் பாத்திக்கு. கோஸ் போடணும்னு எனக்கு ஆசை. ஆட்டுத் தடம் எதுன்னு அப்பவே பாத்துட்டேன், அதுல கைவைக்க மாட்டேன். உங்க தங்கச்சி இத என்கிட்டயே கேட்டிருக்கலாம்."

"இப்பத்தான கேட்டேன்" என்றாள் கிளெமென்சா, அவளும் மண்ணைப் பார்த்தே.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் கிளெமென்சா முழுக்க நம்பிவிடவில்லை. பாத்தியைச் சுற்றி மட்டும் இடுப்பளவு வேலி நின்ற பிறகும் நம்பவில்லை. துவரை பறித்து முடியட்டும் என்றாள். கோஸ் இலையில் ஓர் ஆடு வாய் வைக்கும்வரை எல்லோரும் நல்லவர்கள்தான் என்பது அவள் எண்ணம்.

துவரை பறித்தாயிற்று. வழக்கம்போலப் பழுப்பு ஆட்டை முதலில் அவிழ்த்துவிட்டாள். மறுநாள் காலையில் மற்ற ஆடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பிர்கிட் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பி மூலையில் வளைந்திருந்தது. நான் என் வாசலில் துலக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். கிளெமென்சாவும் கயிறும் கையுமாக அசையாமல் நின்றாள்.

"குட் மார்னிங்" என்றாள் பிர்கிட். பிறகுதான், "உன் ஆடு என் கோஸத் தின்னுடுச்சு."

"குட் மார்னிங். எல்லாத்தையுமாடி?"

"ரெண்டு மிச்சம் இருக்கு."

"அப்ப நாளைக்கும் வரும்."

பிர்கிட் குனிந்து, மிச்சமிருந்த இரண்டையும் பறித்தாள். ஒன்றை வேலிக்கு மேலாக நீட்டினாள். கிளெமென்சா அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி ஆட்டையும் அவிழ்த்துவிட்டாள். அது தடத்தில் இறங்கிக் குட்டைப் பக்கம் ஓடியது. அவள் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு சமையலறை வாசல்வரை போனாள், ஆணியருகே கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, தடத்தைக் கடந்து, பிர்கிட்டின் வேலிக் கம்பத்தில் அவற்றை மாட்டினாள்.