ஒன்பது பந்துக்கு ஒரு கதவு

என் தங்கை மோனிஷா தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கேம்ஸ் ஹாலில் வேலை பார்க்கிறாள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். ஆனாலும் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவளைச் சில்லறை மாற்றும் கவுண்டரில்தான் உட்கார வைத்திருந்தார்கள். மிஷின் பழுதானால் பெங்களூரிலிருந்து ஆள் வருவார்.

அங்கே எனக்குப் பிடித்தது பந்து உருட்டும் மிஷின். பன்னிரண்டு அடி நீளப் பலகை, அதன் கோடியில் வளையங்கள். பத்து ரூபாய் காசு போட்டால் பக்கவாட்டில் ஒன்பது பந்துகள் கடகடவென்று வந்து நிற்கும். ஒவ்வொன்றும் சாத்துக்குடி அளவு. உருட்டிய பந்துகள் பலகைக்கு அடியில் திரும்பி வந்து, விரல் அகல இரும்புத் தகடு ஒன்றின் பின்னால் வரிசையாகக் காத்திருக்கும். அந்தத் தகடுதான் கதவு. காசு விழுந்ததும் கம்பி சுற்றிய ‘காயில்’ என்கிற மின்காந்தம் தகட்டைக் கீழே இழுக்கும். பந்துகள் போனதும் ஸ்பிரிங் அதை மேலே தூக்கிவிடும். மோனிஷா சோற்றுத் தட்டில் கரண்டியை வைத்து இதை விளக்கியபோது, இத்தனை பாரத்தையும் அவ்வளவு சின்னத் தகடா நிறுத்துகிறது என்று நான் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் அந்தக் கதவு மூடாமல் போனது. ஒரே காசைப் போட்டு ஒரு மணி நேரம் விளையாடினார்கள். உருட்டிய பந்து நேராகக் கைக்கே திரும்பி வந்தது. பெங்களூர்க்காரர் இரண்டு முறை வந்தார். காயிலை மாற்றினார், ஸ்பிரிங்கை மாற்றினார், கீல் ஆணியில் துரு என்று எண்ணெய் ஊற்றினார். நான்கு நாள் நன்றாக ஓடும், மறுபடி திறந்தே நிற்கும். முதலாளி காளியப்பன் மிஷினைத் திருப்பி அனுப்ப டெம்போ சொல்லிவிட்டார்.

டெம்போ வரும் நாள் காலையில் நான்தான் அவளை பைக்கில் கொண்டுபோய் விட்டேன்.

“அண்ணா, ஒருக்கா நான் பாக்கட்டுங்களா?” என்று மோனிஷா காளியப்பனிடம் கேட்டாள்.

“பெங்களூர்க்காரனாலயே ஆவல. நீ என்னாம்மா பாக்கப்போற? ஒடச்சு கிடச்சு வெச்சீன்னா திருப்பி எடுத்துக்கமாட்டாங்க.”

“ஒடஞ்சா இனிமே ஒரு மிஷின்லயும் கை வெக்கமாட்டங்க. கவுண்டர்லயே உக்காந்துக்கறன்.”

சொன்னால் சொன்னபடி நிற்பவள் அவள்.

மூடியைத் திறந்தாள். காயிலைத் தொடவில்லை. தகட்டை விரலால் அழுத்திவிட்டாள். அது பாதி வரைதான் எழுந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆட்டினாள். அப்போதும் இறுக்கம். கீல் ஆணியை உருவினாள். மஞ்சளாக ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. நகத்தில் வழித்து மூக்கருகில் கொண்டுபோனவள், அப்படியே என்னிடம் நீட்டினாள்.

“மோந்து பாருண்ணா. துருவுக்கு எங்கயாச்சும் வாசன வருமா?”

சந்தனம்.

காளியப்பன் முகம் மாறியது. ஆயுத பூஜையன்று மற்ற மிஷின்களுக்கெல்லாம் முகப்பில் பொட்டு வைத்தவர், இதற்கு மட்டும் மூடியைத் திறந்து அந்தக் கதவிலேயே சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்.

“அதான வாசல்? வாசக்கால்ல வெக்காம வேற எங்கம்மா வெப்பாங்க?”

“வெச்சது சரிதாங்க. தண்ணியா இருந்துச்சு போல, கீலுக்குள்ள எறங்கிடுச்சு. எண்ண ஊத்த ஊத்தக் கொழஞ்சு இறுகிடுச்சு. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, நான் தொடச்சா நீங்க எதுனா நெனச்சுக்குவீங்களோன்னு...”

“இந்தா, குடு இப்படி. நானே தொடைக்கறன்.” தோளில் கிடந்த துண்டாலேயே ஆணியைத் துடைத்தார். “இதுக்குத்தான் ரெண்டு தடவ பெங்களூரு போன் பண்ணனா?”

கீல் துளையைத் துணித் திரியால் மோனிஷா சுத்தம் செய்தாள். மாட்டினாள். காசு போட்டாள். ஒன்பது பந்துகளும் வந்தன. டக் என்று தகடு எழுந்தது. நான் எண்ணினேன், இருபத்தைந்து முறை போட்டாள். இருபத்தைந்து முறையும் ஒன்பது பந்து, ஒரு டக். நேற்றுவரை காளியப்பன் திட்டிக்கொண்டிருந்த இரும்பு, அவள் விரல் பட்டதும் சொன்ன பேச்சைக் கேட்டது.

டெம்போக்காரர் உள்ளே வந்தார். “எதுங்க ஏத்தணும்?”

“ஒன்னும் இல்லப்பா, டீ குடிச்சிட்டுப் போ,” என்றார் காளியப்பன். பிறகு மோனிஷா பக்கம் திரும்பினார். “கவுண்டருக்கு வேற ஆள் பாக்கறன். மிஷினுங்கள நீ பாத்துக்க.”

“சரிங்கண்ணா. பூஜைக்கு மட்டும் என்னக் கேட்டுட்டுப் பொட்டு வைங்க.”

அவர் தலையாட்டினார்.