காருக்குள் மாற்றிய சட்டை

அமெரிக்காவில், கேட்டி வட்டாரத் தமிழர் கையேட்டின் இருபத்தேழாம் பக்கத்தில், ‘திருமதி சாந்தாமணி வெள்ளியங்கிரி, கல்வித்துறை நிர்வாகி’ என்று அச்சாகியிருந்தது. படிவத்தை நிரப்பியவர் கணவர் வெள்ளியங்கிரி. எண்ணெய் கம்பெனி இன்ஜினியர், அலுவலகத்தில் ஒரு புள்ளி பிசகாதவர். சாந்தாமணி நிர்வகித்ததோ பள்ளிக்கூட கேஃபடீரியாவில் ஒரு கரண்டியை. அது ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அவளுக்கோ அந்த வேலை பிடித்திருந்தது.

ஆகவே தினமும் வேலை முடிந்ததும் பார்க்கிங்கில் காருக்குள் குனிந்து, சீருடைச் சட்டையைக் கழற்றிச் சுடிதார் டாப்பை மாட்டிக்கொள்வாள். ஒருநாள், உடன் வேலைபார்க்கும் மரிசோல் கண்ணாடியைத் தட்டினாள்.

“அ எஸ்கோந்தீதாஸ்?” என்றாள் தன் ஸ்பானிஷில்.

ரகசியமா என்று கேட்டாள் சாந்தாமணி. இல்லையாம். ரகசியத்துக்கு ‘செக்ரெத்தோ’ என்று வேறு சொல் இருக்கிறதாம். அது மனதுக்குள் வைத்துக்கொள்வது. இது செய்கிற விதம். அம்மாவுக்குத் தெரியாமல் பிள்ளை மிட்டாய் தின்கிறதே, அப்படி. யார் பார்த்தால் திட்டு விழுமோ அவர் கண்ணில் படாமல் செய்வது.

“நீ யார் கண்ணில் படாமல்? புருஷனா?”

“அவருக்குத் தெரியும்.”

“பிறகு யார்?”

வீடு வரைக்கும் சாந்தாமணிக்கு எரிச்சல் தீரவில்லை. பிள்ளைக்காவது மிட்டாய் கிடைக்கிறது.

சனிக்கிழமை பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் அன்னதானம். வெள்ளியங்கிரி வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியோடு இரண்டு முறை போட்டோவுக்கு நின்றார்.

“ஸ்கூல்ல அட்மினிஸ்ட்ரேஷன்தானே நீங்க? எங்க பொண்ணு மாளவிகாவுக்கும் அங்க ஒரு ஜாப் பாருங்களேன்,” என்றார் பந்தியில் இருந்த காமாக்ஷி ஆன்ட்டி.

“நான் அங்க பசங்களுக்குச் சோறு போடறனுங்க ஆன்ட்டி. கேஃபடீரியால.”

வாளி நின்றது.

காரில் ஏறியதும் வெள்ளியங்கிரி ஆரம்பித்தார். “மானமே போச்சு.”

“ஏனுங்க, நீங்க கரண்டி புடிச்சாப் புண்ணியம், நான் புடிச்சா மானம் போகுதுங்களா?”

“அது கோயில்.”

“அங்க சாப்பிட்டவங்க அத்தனை பேரும் கார்ல வந்தவங்க. எங்கிட்டத் தட்டு நீட்டறதுல பாதி, காலைல ஒண்ணும் சாப்பிடாம வருதுங்க.”

வெள்ளியங்கிரி ஃப்ரீவேயில் தப்பான எக்ஸிட் எடுத்தார். “வேலைய விட்டுரு. பேசினபடி.”

திங்கட்கிழமை சாந்தாமணி நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, சீருடையோடு வீட்டுக்கு வந்தாள்.